பழைய 6பிடி எஞ்சின்: வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

ஒற்றைவண்டி

அனைவருக்கும் வணக்கம். நான் நாமக்கல்லில் ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பவன். பெரும்பாலும் நானே ஓட்டுகிறேன். வண்டி 2004ஆம் ஆண்டு மாடல், பத்துச் சக்கரம், 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி டீசல் எஞ்சின், பன்னிரண்டு வால்வு. இதுவரை ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியை, கழற்றியதில்லை.

மூன்று மாதங்களாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. தாவணகெரேவுக்குப் பாதி பாரத்துடன் போய், கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளத்தை முழுப் பாரமாக ஏற்றிக்கொண்டு திரும்புவது வழக்கம். போகும்போது, தொப்பூர் ஏற்றத்தையும் சேர்த்து, ஒரு லிட்டர்கூடக் குறைவதில்லை. திரும்பி வந்த மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் நான்கு லிட்டருக்குக் குறையாமல் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதனால் பாரம் ஏறினால்தான் ஒழுகுகிறது என்று நினைக்கிறேன்.

வண்டி நிற்கும் இடத்தில் ஈரம் இல்லை. ஹோஸ்களும் கிளிப்புகளும் காய்ந்தே இருக்கின்றன. எஞ்சின் ஆயிலில் பால் கலந்த காபியின் நிறம் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை, சூட்டு முள் பாதியைத் தாண்டுவதும் இல்லை. ஆனால் குளிர்ந்த எஞ்சினை மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால் ரேடியேட்டர் வாயில் குமிழ் வருகிறது. பட்டறையில் கை பம்ப் வைத்து, மூடியில் எழுதியிருந்த 0.7 பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். இருபது நிமிடங்களில் முள் பாதிக்கு இறங்கியது, வெளியே ஒரு சொட்டும் இல்லை. உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் கீழே உள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸிங் போட்டு மட்டமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை முடிய ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரம் வண்டி நின்றால் என் தவணை நின்றுவிடும். இறக்குவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

சங்ககிரி டீசல்

ரேடியேட்டரில் குமிழ், வெளியே ஒழுகாமல் இறங்கும் அழுத்தம், பாரத்தில் அதிகரிக்கும் இழப்பு ஆகிய மூன்றும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. எரியும் வாயு கேஸ்கெட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது. அந்த அழுத்தம் மூடியைத் தூக்கித் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இருபது ஆண்டுகள் ஹெட் கழற்றாமல் ஓடிய எஞ்சினுக்கு இது வர வேண்டிய வயதுதான். சிலிண்டருக்குள் செருகியிருக்கும் உறையான லைனரின் அடிப்பக்க ரப்பர் வளையங்கள் வழியாகவும் தண்ணீர் போகலாம் என்பதால், இறக்கும்போது அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

டெக்சாஸ் தமிழன்

இந்த எஞ்சினில் லைனரே கிடையாது, ஐயா. 102 மில்லிமீட்டர் துளைகள் பிளாக்கிலேயே நேராகக் கடையப்பட்டவை. தண்ணீர் நேராகத் தொடும் ஈர லைனர் உள்ள எஞ்சின்களுக்கு உரிய சந்தேகத்தை இதில் வைக்க இடமில்லை. மாறாக, பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாம். இதன் 24 வால்வு உறவுக்கார எஞ்சினில், இங்கே 1999 முதல் 2001 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகள் சிலவற்றில், பக்கவாட்டில் ‘53’ என்ற எண் வார்க்கப்பட்ட பிளாக்குகள் தண்ணீர்ச் சுவரில் நெடுக்காக விரிசல் விட்டது பழைய வண்டிப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த விரிசல் வெளிச்சுவரில் வரும், கண்ணுக்குத் தெரியும்படி ஒழுகும். உங்கள் வண்டியில் வெளியே ஈரமே இல்லை என்பதால் அது இங்கே பொருந்துவதாகத் தோன்றவில்லை.

கிரீஸ்கை

தம்பி, அரசுப் போக்குவரத்துப் பணிமனை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் எஞ்சின் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஹெட்டில் இன்னும் கை வைக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னவற்றில் ஒன்று மற்றவற்றோடு ஒட்டவில்லை. கேஸ்கெட் கிழிந்திருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி மேடு ஏறும்போதுதான், தண்ணீர் அதிகமாக வெளியேற வேண்டும். பாதி பாரமே ஆனாலும் தொப்பூர் ஏற்றம் ஏற்றம்தான். அதில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இழப்புக்குக் காரணம் பாரமா, அல்லது பாரத்தோடு சேர்ந்து வரும் வேறொன்றா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போன வழியும் வந்த வழியும் ஒன்றே என்றாலும் போகும்போது ஏறிய கணவாயில் வரும்போது இறங்குகிறீர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் எங்கே குறைகிறது என்பதைவிட எப்போது குறைகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்குச் சூடான மூடியைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது. 0.7 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் அதே தண்ணீர் மூடியைத் தளர்த்திய நொடியில் முகத்தை நோக்கிப் பொங்கும். முகம் வெந்துபோன இரண்டு பேரை என் பணிக்காலத்தில் பார்த்துவிட்டேன்.

ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி, ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் வழிவுக் குழாயின் முனையை அதற்குள் விட்டு, சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். குழாயின் முனை கேனின் மேற்பகுதியிலேயே நிற்கட்டும். அடிவரை இறக்கினால் குளிரும்போது தண்ணீர் திரும்பி உறிஞ்சப்பட்டு உங்கள் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேனில் சேர்ந்ததை அளந்து, இடத்தின் பெயரோடு எழுதுங்கள். ஊர் திரும்பிய மறுநாள் காலையில், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, எத்தனை லிட்டர் ஊற்றி நிரப்பினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு மிகவும் வேண்டியது.

இன்னொரு கேள்வி. ரேடியேட்டரில் இப்போது கூலண்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா?

ஒற்றைவண்டி

வெறும் தண்ணீர்தான், ஐயா. குறையக் குறைய வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஓடிப்போகிற தண்ணீருக்குக் காசு கொடுத்துக் கூலண்ட் எதற்கு என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி கேன் கட்டிவிட்டேன். நாளை இரவு புறப்படுகிறேன்.

கிரீஸ்கை

புறப்படுவதற்கு முன் பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சை நிறக் கூலண்டைக் கலந்து ஊற்றுங்கள். இந்தப் பயணத்தில் அது உங்களுக்குச் சாயமாகவும் பயன்படும். எங்கே பச்சை தெரிகிறது என்று பார்ப்போம்.

ஒற்றைவண்டி

திரும்பிவிட்டேன். போகும் வழியில் கேனில் சேர்ந்தது அரை லிட்டருக்கும் குறைவு. வரும் வழிக் கணக்கு இது: தாவணகெரேவிலிருந்து நெலமங்களா வரை, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் முழுப் பாரத்தோடு சீரான ஓட்டத்தில், வெறும் 200 மில்லி. நெலமங்களாவிலிருந்து ஓசூர் வரை பெங்களூரு நெரிசலில் ஊர்ந்து வந்ததில் 1.25 லிட்டர். ஓசூரிலிருந்து தர்மபுரி வரை 300 மில்லி. அங்கிருந்து தொப்பூர் கணவாயில் இறங்கி ஓமலூர் சேர்வதற்குள் ஒரு லிட்டர். ஆக மொத்தம் கேனில் 2.75 லிட்டர். ஆனால் காலையில் ரேடியேட்டர் நிரம்ப நான்கு லிட்டர் பிடித்தது.

எனக்கே வியப்பாக இருக்கிறது. முழுப் பாரத்தோடு இருநூறு கிலோமீட்டர் இழுத்தபோது குறையாத தண்ணீர், எஞ்சினுக்கு வேலையே இல்லாத இறக்கத்தில் ஒரு லிட்டர் குறைகிறது.

சங்ககிரி டீசல்

எண்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் இன்னும் கேஸ்கெட்டை விட்டுவிடத் தயாராக இல்லை. இறக்கத்தில் எஞ்சின் திடீரெனக் குளிரும்போது ஹெட்டும் பிளாக்கும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, மூடியிருந்த இடைவெளி திறக்க வாய்ப்பு உண்டு. ரேடியேட்டரில் எரிந்த வாயு இருக்கிறதா என்று அறிய நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறதே, அதைச் செய்து பார்த்தால் வாதம் முடிந்துவிடும்.

வேதியியல் வாத்தியார்

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு விளக்கம். அந்த நீலத் திரவத்தில் இருப்பது புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி. எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலத்தன்மையை ஏற்றும்போது நீலம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம் அளவுக்கே இருப்பதால் நிறம் அசையாது. ஆகவே குமிழில் வருவது எரிந்த வாயுவா, வெறும் காற்றா என்பதை இது பிரித்துக் காட்டும்.

ஆனால் டீசல் எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் எஞ்சினைப் போலல்லாமல் இது ஐட்லிங்கில் தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுத்துச் சிறிதளவு எண்ணெயையே எரிக்கிறது. எனவே புகையிலேயே கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருக்கும். கேஸ்கெட் உண்மையிலேயே கிழிந்திருந்தாலும் ஐட்லிங்கில் திரவம் நீலமாகவே நிற்கக்கூடும். பாரத்தோடு ஓட்டிவிட்டு வந்து, பலமுறை இழுத்துப் பார்த்த பிறகே ‘இல்லை’ என்ற முடிவை நம்பலாம். ‘ஆம்’ என்ற முடிவைப் பெரும்பாலும் நம்பலாம்.

ஆழ்துளைத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காண்கிறோமே, அதே வெள்ளை ஓடுதான். தண்ணீர்ப் பாதையில் எந்த இடம் மிகவும் சூடாகவும் குறுகலாகவும் இருக்கிறதோ, அங்கேதான் அது முதலில் அடைக்கும்.

கிரீஸ்கை

வாத்தியார் கடைசியில் சொன்ன இடத்துக்குத்தான் நான் வர நினைத்தேன்.

தம்பி, நெரிசலிலும் கணவாய் இறக்கத்திலும் பொதுவாக நீங்கள் செய்வது என்ன? பிரேக் மிதிப்பது. உங்கள் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது என்பதால், மிதித்தால் ஏர் டேங்கில் காற்று குறையும். குறைந்த காற்றை நிரப்ப ஏர் கம்ப்ரசர் அழுத்தத் தொடங்கும். சீரான சாலையில் அது பெரும்பாலும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கம்ப்ரசர் எஞ்சினின் முன்பக்கப் பல்சக்கரங்களால் ஓடுவது. அதன் ஹெட் எஞ்சின் தண்ணீராலேயே குளிர்விக்கப்படுவது. இரண்டு சிறிய குழாய்கள் போய் வருமே, அவற்றைப் பாருங்கள். கம்ப்ரசர் ஹெட்டிலோ அதன் சிறிய கேஸ்கெட்டிலோ விரிசல் விழுந்தால், எட்டு பார் வரைக்கும் போகும் காற்று நேராகத் தண்ணீர்ப் பாதைக்குள் நுழையும். 0.7 பார் மூடி அதற்கு எம்மாத்திரம்? ரேடியேட்டரில் குமிழ் வரும், மூடி தூக்கும், தண்ணீர் வழியும். பார்ப்பவர் கண்ணுக்கு எஞ்சின் ஹெட் கேஸ்கெட் போலவே இருக்கும். எங்கள் பணிமனையிலும் இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு பேருந்தின் ஹெட்டை வீணாக இறக்கியிருக்கிறோம். கேஸ்கெட் புதுசு போல இருந்ததைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சங்ககிரி நண்பர் சொன்ன சுருக்கம் நடக்கக்கூடியதுதான். ஆனால் இறக்கத்தில் எண்ணெய் எரியாததால் சிலிண்டருக்குள் வெறும் காற்றின் அழுத்தமே இருக்கும். இழுவையின்போது அதைவிடப் பல மடங்கு அழுத்தம் இருந்தும் தண்ணீர் போகவில்லை என்பதுதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஏர் டேங்குகளை முழுதாகக் காலி செய்யுங்கள். காலி செய்யும்போது கீழே ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பிறகு ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ரேடியேட்டர் வாயையும், இன்னொருவர் காற்று அழுத்த முள்ளையும் பார்க்க வேண்டும். முள் ஏறும்வரை குமிழ் வந்து, டேங்க் நிரம்பியதும் கம்ப்ரசர் அழுத்துவதை நிறுத்தும் அன்லோடர் வால்வு ‘புஸ்’ என்று விட்டவுடன் குமிழ் நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்ரசர். பிரேக்கைப் பலமுறை மிதித்து முள்ளை இறக்குங்கள். கம்ப்ரசர் மறுபடி அழுத்தத் தொடங்கியதும் குமிழும் திரும்ப வர வேண்டும். அன்லோடர் விட்ட பிறகும் குமிழ் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால் சங்ககிரி நண்பர் சொன்னதே சரி. நான் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன்.

இரவு ஓட்டுநர்

ஐயா சொல்வதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டேங்க் வடிக்கும்போது தண்ணீர் வருவது இயல்பு என்றே எங்களில் பலரும் நினைத்துக்கொள்கிறோம். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து தங்குவதால் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் கோடைக்காலத்திலும் தினமும் டம்ளர் கணக்கில் வந்தால் அதை ஈரம் என்று விட்டுவிடக் கூடாது என்பது இப்போதுதான் புரிகிறது.

ஒற்றைவண்டி

இன்று காலை ஆறு மணிக்குச் செய்து பார்த்தேன். என் தம்பி முள்ளைப் பார்த்துக் குரல் கொடுத்தான். நான் ரேடியேட்டர் அருகே நின்றேன்.

முதலில் டேங்க். வெள்ளைத் தட்டில் விழுந்தது இளம்பச்சைத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலத்தோடு. முதன்மை டேங்கில் மட்டும் ஒரு லிட்டரை ஒட்டி வந்தது. கணக்கில் காணாமல் போயிருந்த 1.25 லிட்டரின் பெரும்பகுதி அங்கேதான் இருந்திருக்கிறது. இத்தனை நாளாக வெறும் தண்ணீர் ஊற்றி வந்ததால், டேங்கிலிருந்து வடிந்ததைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் குமிழ் வந்தது. முள் ஐந்தைத் தாண்டியதும் அடுப்பில் வைத்த உலைபோலத் துள்ளியது. எட்டை நெருங்கும்போது அன்லோடர் ‘புஸ்’ என்றது. நான் பத்து எண்ணுவதற்குள் ரேடியேட்டர் வாய் கிணற்றுத் தண்ணீரைப்போல அசையாமல் நின்றுவிட்டது. தம்பி பிரேக்கை மிதிக்க மிதிக்க மறுபடியும் குமிழ். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படியே நடந்தது.

சங்ககிரி டீசல்

இதற்கு மேல் நான் வாதாட ஒன்றுமில்லை. குமிழைக் கண்டவுடன் ஹெட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாளை என் பட்டறைக்கு வரும் வண்டி ஒன்றும் இதே புகாரோடுதான் வருகிறது. முதலில் காற்று முள்ளைப் பார்க்கப்போகிறேன். ஒற்றைவண்டிக்கு ஒரு யோசனை: கம்ப்ரசருக்குப் போய் வரும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாய்களை அடைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழ் முற்றிலும் இல்லையென்றால் எஞ்சின் ஹெட் நிரபராதி என்பது எழுத்தில் வந்ததுபோல உறுதியாகிவிடும். அப்படியே வண்டியைச் சாலையில் எடுத்துவிட வேண்டாம். குளிர்ச்சி இல்லாமல் கம்ப்ரசர் எரிந்துபோகும்.

கிரீஸ்கை

சரியான யோசனை; அதைச் செய்துவிட்டே கம்ப்ரசர் ஹெட்டைக் கழற்றுங்கள். கழற்றியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். வால்வு அமரும் இடத்துக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரில் விரிசல் இருக்கக்கூடும். தண்ணீர்த் துளை உப்பால் அடைபட்டிருக்கக்கூடும். காற்று வெளியேறும் குழாய்க்குள் கரி படிந்து துளை குறுகியிருக்கக்கூடும்; அப்படிக் குறுகினால் காற்று போக வழியின்றிச் சூடு ஏறி, புது ஹெட்டும் சீக்கிரமே வெடிக்கும். ஹெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் அரைகுறை வேலை.

இன்னும் இரண்டு கடமைகள் உள்ளன. கம்ப்ரசருக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. அது திரும்பி எஞ்சினுக்கே வருகிறது. நிறம் மாறாவிட்டாலும் கொஞ்சம் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கலாம் என்பதால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அடுத்தது பிரேக். கூலண்ட் காற்றுக் குழாய்கள் வழியாக வால்வுகளுக்குள் போயிருந்தால் உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். வால்வு ஒட்டிக்கொண்டால் தொப்பூர் இறக்கத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லா டேங்குகளையும் வடித்து, பிரேக் வால்வுகளைத் தெரிந்தவரிடம் பிரித்துக் காட்டிய பிறகே பாரம் ஏற்றுங்கள்.

ஒற்றைவண்டி

வேலை முடிந்து இரண்டு நடை போய் வந்துவிட்டேன். குழாய்களை அடைத்து ஓட்டியபோது ஒரு குமிழ்கூட வரவில்லை. கழற்றிய கம்ப்ரசர் ஹெட்டில், வெளியேற்று வால்வின் அருகே, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு விரிசல் இருந்தது. தண்ணீர்த் துளையில் பென்சில்கூட நுழையாத அளவுக்கு வெள்ளை ஓடு. வெளியேறும் குழாயில் கரி பாதியை அடைத்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். பிரேக் வால்வுகளில் ஒன்றை மட்டும் பிரித்துப் புது ரப்பர் போட வேண்டியிருந்தது. வண்டி நின்றது இரண்டு நாள். இப்போது காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றியிருக்கிறேன்.

கேனை இன்னும் அவிழ்க்கவில்லை. இரண்டு நடையிலும் அது காய்ந்தே வந்தது. ஆனால் இன்று காலை வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சிறிய துளையிலிருந்து பச்சைக் கோடு ஒன்று வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன். இதற்கு முன் அங்கே எதுவும் இல்லை. பழுது பார்த்தபோது ஏதாவது கெடுத்துவிட்டோமா?

கிரீஸ்கை

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. அந்தத் துளை பம்பின் சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்றே வைக்கப்பட்டது. இதுவரை உள்ளே இருந்த உப்பு ஓடு அந்தத் தேய்மானத்தை அடைத்து வைத்திருந்திருக்கலாம். இப்போது அது விலகியிருக்கலாம். தினமும் ஒருமுறை பாருங்கள். கோடு சொட்டாக மாறினால் பம்பை மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் அதற்கு பெல்ட்டை எடுத்துவிட்டு இரண்டே போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். பிளாக்கில் பம்ப் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பம்பின் பள்ளத்தில் சதுர வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பழைய வளையத்தில் பேஸ்ட் தடவி ஒப்பேற்ற வேண்டாம்.